கை எட்டுகிற அகலம்

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். எங்கள் அணிக்கும் எதிரணிக்கும் வணக்கம். பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு, கண்ணைச் சொக்கினாலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு மட்டும் இரண்டு வணக்கம். தன்லினிலிருந்து ரங்கூனுக்கு வந்தவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடித்துப் பாலம் தாண்ட வேண்டுமாம், சீக்கிரம் ஆரம்பியுங்கள் என்று காதில் சொன்னார்கள். ஆரம்பித்துவிட்டேன். சீக்கிரம் முடிக்கும்படி யாரும் சொல்லவில்லை.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். இல்லறம் இனிப்பது உடலின் நெருக்கத்தாலா, உள்ளத்தின் காதலாலா? சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்கு உடல் வந்தது. வீட்டில் போய்ச் சொன்னேன். என் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அறுபது வயசுல இந்த உடம்ப வச்சுக்கிட்டு அதுக்கா பேசப் போறீங்க?" என்றாள். மூன்றாவது வரிசையில் பச்சைப் புடவை. யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள். நடுவர் இங்கே என்ன தீர்ப்புச் சொன்னாலும், எனக்கு அப்பீல் விசாரணை இன்று ராத்திரி பத்தரை மணிக்கு.

ஐயா, என் நிலைமை கொஞ்சம் பரிதாபம். உயிர் 12, மெய் 18, இரண்டும் கூடினால்தான் 216 உயிர்மெய் என்று நாலு நாளாக ஒரு விஷயத்தைப் பொத்தி வைத்திருந்தேன். எங்கள் அணியில் முதலில் பேசிய தம்பி அதைச் சொல்லிக் கைதட்டு வாங்கிவிட்டான். சரி, மெய் என்றால் உடம்பு, மெய் என்றால் உண்மை, அதையாவது விட்டுவைப்பான் என்று பார்த்தேன். அடுத்த மூச்சில் அதையும் சொல்லிவிட்டான். சொந்த அணியே பந்தியைக் காலி செய்த பிறகு வெறும் இலையோடு உட்கார்ந்திருந்த எனக்கு, எதிரணி டீச்சர், நம் சயாமா புண்ணியத்தில் ஒரு கரண்டி விழுந்தது.

என்ன சொன்னார் அவர்? "அடுத்துப் பேசப் போகிற அண்ணன் கட்டில் செய்கிறவர். அவருக்குக் காதல் என்றால் ஆறேகால் அடிக்கு ஐந்தடி. மனசை அளக்க அவரிடம் டேப் ஏது?" என்றார். மண்டபம் முழுக்கச் சிரித்தது. மூன்றாவது வரிசையில் சத்தம் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. பள்ளிக்கூடத்தில் சயாமா சொன்னால் எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்ந்தவன் நான். இன்றைக்கு மட்டும் மன்னிக்க வேண்டும்.

முதலில் சில்லறைக் கடன்களை அடைத்துவிடுகிறேன்.

எதிரணியில் முதலில் பேசிய ஐயா குறுந்தொகையைத் திறந்து செம்புலப் பெயல்நீரைக் கொண்டுவந்து கொட்டினார். செம்மண்ணில் பெய்த மழைபோல் கலந்தவை நெஞ்சங்கள்தானே, அங்கே உடம்பு எங்கே வந்தது என்று கேட்டார். ஐயா, அந்த மழை மண்ணில் விழுந்துதானே கலந்தது? மேலே மேகமாகவே நின்றுகொண்டு, "மண்ணே, உன்னையே நினைக்கிறேன், உன்னையே நினைக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் தண்ணீர் சிவக்குமா? ரங்கூனில் மே மாதம் பிடிக்கிற மழை அக்டோபர் வரை விடாது. அத்தனை மாதமும் மேகம் நினைத்துக்கொண்டு மட்டும் இருந்திருந்தால் டெல்டாவில் ஒரு படி நெல் விளைந்திருக்குமா?

டாக்டருக்குப் படிக்கிற தங்கச்சி ஆக்சிடோசின் என்று ஒன்றைச் சொன்னது. கட்டிப்பிடித்தால் மூளையிலிருந்து அது சுரக்கிறதாம், அவ்வளவுதானாம் உங்கள் உடல் இன்பம், வெறும் சுரப்பி வேலை என்று உதட்டைப் பிதுக்கியது. தங்கச்சி, நானும் விசாரித்தேன். பிள்ளை பால் குடிக்கும்போது தாய்க்குப் பாலை இறக்கிவிடுவதும் அதே ஆக்சிடோசின்தான். உடம்பில் சுரப்பதால் அது மட்டம் என்றால், நீயும் நானும் வளர்ந்தது எந்தக் கணக்கு?

மூன்றாவதாக, பக்கத்து வீட்டுப் பர்மியர்களை எதிரணி சாட்சிக்கு அழைத்தது. யேஸெட் என்பார்கள் அல்லவா? போன பிறவியில் சேர்ந்து தானம் செய்து நீர் வார்த்தவர்கள் இந்தப் பிறவியில் சேர்வார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே உறவு ஆன்மாவோடு ஆன்மாவுக்கு என்றார்கள். நல்ல சாட்சி. நானும் அதே சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிறேன். அந்த நீரை எதால் வார்த்தார்கள்? கையால். பர்மியர் கல்யாணம் செய்துகொள்வதற்கு என்ன சொல்கிறார்கள்? லெட்டாட். லெட் என்றால் கை, டாட் என்றால் ஒன்றன்மேல் ஒன்று வைப்பது. நாம் கைப்பிடித்தான் என்கிறோம். நம் குருக்கள் பாணிக்கிரகணம் என்கிறார், அதுவும் கைதான். மூன்று மொழிக்காரர்கள் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து கலந்து பேசாமலே கல்யாணத்துக்குக் கையைத்தான் பிடித்திருக்கிறார்கள். "இன்னார் மகளை இன்னார் மகன் மனம்பிடித்தான்" என்று இன்றுவரை எவனும் பத்திரிகை அடிக்கவில்லை.

கடன் தீர்ந்தது. இனி சயாமாவின் கட்டிலுக்கு வருகிறேன்.

டேப் இல்லை என்றீர்கள். இதோ இருக்கிறது. கல்யாணத்துக்குப் போனாலும் என் சட்டைப்பையில் டேப் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நான் மணவறையை அளக்கப் போகிறேனோ என்று பயப்படுவார்கள். இன்செயினில் நாற்பது வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். மரத்தைப் பற்றி முதலில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், அப்புறம்தான் கட்டில் புரியும்.

பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் அந்தக் காலத்தில் காட்டில் மரத்தை உடனே சாய்க்க மாட்டார்கள். அடிமரத்தில் சுற்றிலும் வளையமாகப் பட்டையோடு வெட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மேலே சாறு ஏறாது. இரண்டு மூன்று வருஷம் மரம் நின்ற நிலையிலேயே காயும். அப்புறம் சாய்த்து, யானையை விட்டு இழுத்து, ஆற்றில் தள்ளினால் ஐராவதியோடு மிதந்து வரும். அந்த மூன்று வருஷமும் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு மரம் நிற்கிறது. கிட்டே போனால்தான் ஓர் இலை இல்லாதது தெரியும்.

இந்த மரம் எங்கெல்லாம் போனது? காரைக்குடிப் பக்கத்து வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். முற்றத்தைச் சுற்றிப் பர்மாத் தேக்குத் தூண், கட்டிப்பிடித்தால் கைக்குள் அடங்காது. அனுப்பியவர்கள் இங்கே கொண்டுவிக்க வந்த செட்டியார்கள். ஒரு கணக்கு, அதாவது இங்கே வந்து வேலை பார்க்கிற ஒரு தவணை, என்றால் மூன்று வருஷம். மூன்று வருஷமும் அவர் இங்கே பெட்டியடியில், ஆச்சி அங்கே முற்றத்தில். அவர்கள் மட்டுமா? 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள், அதில் ஆண்களே மிகுதி. அந்த ஆண்களில் பலருக்கு ஊரில் பெண்டாட்டி இருந்தாள். அன்பு இல்லை என்று சொல்ல நான் யார்? கடிதம் வந்தது, பட்டு வந்தது, பீங்கான் வந்தது, தூண் வந்தது. ஆள்தான் வரவில்லை. சாய்ந்துகொள்ள ஒரு தோள் வேண்டும் என்று ஆச்சி எழுதியிருப்பார். பாசமுள்ள புருஷன் தேக்கிலேயே ஒன்று செய்து அனுப்பிவிட்டான்! மரத்துக்கும் மூன்று வருஷம், ஆச்சிக்கும் மூன்று வருஷம். இரண்டையும் நின்ற நிலையில்தான் காயவிட்டார்கள்.

இங்கே சிரிப்பு கொஞ்சம் குறைந்துவிட்டது. ஏன் என்று எனக்குத் தெரியும். மலேசியாவிலும் தாய்லாந்திலும் புருஷன் இருக்க, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்த மண்டபத்துக்கு வந்திருக்கிறவர்கள் எத்தனை பேர்! கை தூக்க வேண்டாம். எங்கள் எதிர்வீட்டுப் பெண் ராத்திரி முழுக்க வைபர் அழைப்பை மூடாமல் போனைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு தூங்குகிறது. அந்தப் பக்கம் அவன் குறட்டை, இந்தப் பக்கம் இவள். "காலைல பாத்தா போன் சூடா இருக்கு மாமா, பக்கத்துல ஆளு படுத்திருந்த மாதிரி" என்று சொல்லிச் சிரித்தது. அது பேட்டரிச் சூடு தாயீ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, கட்டில்.

கட்டில்காரனுக்கு மனசு தெரியாது என்றார் சயாமா. என் ஆர்டர் நோட்டைக் கொண்டுவந்து காட்டுகிறேன், அதைவிடப் பெரிய குடும்ப சரித்திரம் எந்த நூலகத்திலும் கிடையாது. புதிதாகக் கல்யாணம் ஆகிறவன் நாலடிக் கட்டில் கேட்பான். "தம்பி, ஐந்தடி போட்டுடட்டுமா, வசதியா இருக்கும்" என்றால் தரையைப் பார்த்துக்கொண்டே "நாலு போதும்ணே" என்பான். ஒரு பிள்ளை பிறந்தால் ஐந்தடி. இரண்டாவது பிறந்தால் ஆறடி. மூன்றாவது பிறந்தால் கட்டில் மொத்தமும் பிள்ளைகளுக்கும் பெண்டாட்டிக்கும், அவன் ஹாலில் பாய் போட்டிருப்பான். ஐம்பது வயதில் இருவருமாக வந்து "ரெண்டு ஒத்தக் கட்டில் போடுங்க, இவர் குறட்டை தாங்கல" என்பார்கள். நாற்பது வருஷத்தில் நான் பார்த்தது இதுதான். எல்லோரும் அகலத்தைக் கூட்டத்தான் வந்தார்கள். ஒரே ஒரு மனுஷர் குறைக்க வந்தார்.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். கதையைச் சொல்வதற்கு அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

2018, நல்ல மழைக்காலம். குடை ஒரு பக்கம் மடங்கிப் போய், லுங்கி முழங்கால் வரை நனைந்து, எழுபத்தைந்தைத் தாண்டிய ஒரு பெரியவர் பட்டறைக்குள் நுழைந்தார். "தம்பி, ஒரு கட்டில அடி கம்மி பண்ணணும்."

"நீளத்துலங்களா?"

"அகலத்துல."

நான் போய்ப் பார்த்தேன். சான்சாங்கில் மூன்றாவது மாடி. உள்ளே போனதும் எனக்கு மூச்சு நின்றது. அசல் தேக்கு. நகத்தால் சுரண்டினால் எண்ணெய் வாசனை வருகிற அந்தக் காலத்து மரம். தலைமாட்டில் தாமரை செதுக்கியிருக்கிறது. ஐந்தடி அகலம். இப்படி ஒரு பலகைக்கு நான் இந்த ஊரில் எத்தனை மரக்கடை ஏறி இறங்க வேண்டும்!

"இது எங்க பிடிச்சீங்க?" என்றேன். "1964" என்றார். அது ஒன்று போதும், இங்கே பெரியவர்களுக்குப் புரிந்திருக்கும். அந்த மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கடைகள் ஏற்கெனவே அரசாங்கத்திடம் போயிருந்தன. இந்தியாவுக்குக் கப்பலேறக் காத்துக்கொண்டிருந்த நம் ஜனங்கள் கையில் எடுத்துப் போக முடிந்தது கொஞ்சம்தான், கட்டிலையா தூக்கிக்கொண்டு போவார்கள்? கப்பலேறிய ஒரு வீட்டுக்காரர் ஒரு மூட்டை அரிசியை வாங்கிக்கொண்டு கட்டிலை இவர்களிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். கல்யாணமாகி ஒரு வருஷம். அதுவரை பாய்தான். "ஏறிப் படுத்தா அவ ஒரு கரை, நான் ஒரு கரை. நடுவுல ஆறு ஓடுது தம்பி" என்றார்.

இந்தக் கட்டிலில் ரம்பம் வைக்கச் சொல்கிறார்! எந்தத் தச்சனுக்குக் கை வரும்? "எதுக்குங்க ஐயா?" என்றேன்.

"அறை பத்தல."

டேப்பை எடுத்து அறையை அளந்தேன். கட்டிலைப் போட்டு, பீரோவைப் போட்டு, நடுவில் இரண்டு பேர் கோலாட்டம் ஆடலாம். "இடம் இருக்குங்களே?"

"இல்ல தம்பி, கரையான்."

"தேக்குல கரையானா? ஐயா, நான் தச்சன்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "இந்த அகலத்துக்குப் பெட்ஷீட் கிடைக்கல."

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்துவிட்டேன். இடம் பத்தவில்லை, கரையான், பெட்ஷீட். பரீட்சைக்குப் படிக்காத பையன் சயாமாவிடம் சொல்கிற மாதிரி, ஒன்றின் பின் ஒன்றாக மூன்று பொய். எழுபத்தெட்டு வயது! நான் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, "காரணம் தெரியாம இந்த மரத்தை அறுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார். அந்த அம்மா அங்கே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், தடவித் தடவி. பெரியவர் என் காதருகே வந்தார்.

"அவளுக்குச் சர்க்கரைல கண்ணு மங்கிப்போச்சு தம்பி. பகல்ல நிழலாத் தெரியும், ராத்திரி சுத்தமா இல்ல. காதும் போயிடுச்சு. நடு ராத்திரி முழிச்சா கையை நீட்டித் தேடுறா. எனக்கு இழுப்பு, காத்து வேணும்னு ஜன்னல் ஓரமா செவத்தோட படுக்கிறேன். அவ கைக்கு எட்டல. இருக்கேன் இருக்கேன்னு கத்துறேன், கேக்கல. எழுந்து செவத்தப் புடிச்சுக்கிட்டு வீடு பூரா என்னைத் தேடுறா. ரெண்டு தடவ விழுந்துட்டா."

நான் விவரம் தெரியாமல் கேட்டேன். "நீங்க அவங்க பக்கமா தள்ளிப் படுக்கலாமே?"

"படுக்கிறேன். தூக்கத்துல உருண்டு போயிடறேனே! என்னைய நம்ப முடியல. கட்டில்னா நகராது."

கட்டில்னா நகராது. கேட்டீர்களா சயாமா? மனசு அவள் பக்கம்தான் இருக்கிறது, ஐம்பத்தைந்து வருஷமாக அங்கேதான் இருக்கிறது. மனசை நம்பி அவர் தூங்கத் தயாரில்லை. ஐந்தடியை நாலடியாக்க ஆள் தேடி மழையில் இன்செயின் வரை வருகிறார்.

உடம்பு கிழடு தட்டினால் உங்கள் அணி எங்கே போகும் என்று எதிரணி கேட்டது. தோல் சுருங்கும், பல் விழும், அப்போது மிஞ்சுவது மனம்தான் என்றார்கள், கைதட்டு வாங்கினார்கள். நானும்தான் தட்டினேன், நன்றாகச் சொன்னார்கள். ஆனால் அந்த மூன்றாவது மாடிக்கு வாருங்கள். கண் போய்விட்டது, ஆசையாகப் பார்க்க முடியாது. காது போய்விட்டது, அன்பாக ஒரு வார்த்தை சொல்ல முடியாது. கவிதை எழுதினால் படிக்க முடியாது. அந்த இருட்டில், "நான் இருக்கிறேன்" என்ற ஒரே ஒரு சேதியைக் கொண்டுபோக உங்கள் ஆன்மாவுக்கு வேறு வழி இருந்தால் சொல்லுங்கள் சயாமா, இப்போதே மேடையிலிருந்து இறங்கிவிடுகிறேன். உடல் இன்பம் என்றதும் எல்லோரும் இருபது வயசையே நினைக்கிறீர்கள். இருபதில் அது இல்லாவிட்டாலும் சமாளித்துவிடலாம் ஐயா! பேச்சு இருக்கிறது, பார்வை இருக்கிறது, இன்யா ஏரிக்கரை இருக்கிறது, ஊரைச் சுற்றுகிற வட்ட ரயில் இருக்கிறது. எண்பதில்தான் வேறு எதுவும் இல்லை.

முதல் மணி அடித்துவிட்டீர்கள் ஐயா. கட்டிலைப் பாதி அறுத்த நிலையில் என்னை உட்காரச் சொல்லாதீர்கள்.

மறுநாள் பையனோடு போனேன். நடுச்சட்டத்தைக் கழற்றி, பலகையை அறுத்தேன். ஐம்பது அறுபது வருஷத்து மரம், ரம்பம் பட்டதும் வாசனை வீடு முழுக்கப் பரவிப் படி வழியாக இறங்கியது. அந்த அம்மா அடுப்படியிலிருந்து, "என்ன, புதுக் கட்டில் வாசன அடிக்குது?" என்று கேட்டார். பெரியவர் அவர் காதோரம் குனிந்து சத்தமாக, "கரையான்!" என்றார். அந்த அம்மா தலையாட்டிக்கொண்டார். அந்தத் தலையாட்டலை அன்றைக்கு நான் சரியாகப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பெரியவர் பட்டறைக்கு வந்தார். மீதிக் காசு, கையில் ஒரு பொட்டலம் மொஹிங்கா. "எப்படி இருக்குங்க?" என்றேன். நாற்காலியில் உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு, "ரெண்டு தடவ முழிச்சா" என்றார். அப்புறம், "ரெண்டு தடவயும் தூங்கிட்டா" என்றார்.

சயாமா, நாற்பது வருஷத்தில் எத்தனையோ வேலை செய்திருக்கிறேன். ஊஞ்சல், தொட்டில், மணவறை, தேருக்குச் சக்கரம்கூட. "ரெண்டு தடவயும் தூங்கிட்டா" என்பது மாதிரி ஒரு கூலி எனக்கு அப்புறம் வரவில்லை. டேப்பைப் பாருங்கள். இது ஐந்தடி. இது நாலடி. நடுவில் இருப்பது ஒரு முழத்துக்கும் குறைவு. இரண்டு பேர் தூக்கம் இதில் இருந்தது.

இதோடு நிறுத்தியிருந்தால் என் அணி ஜெயித்துவிடும். எங்கள் அணித் தலைவர் உட்காரச் சொல்லிக் கண் காட்டுகிறார். மன்னிக்கணும் அண்ணே.

2021 ஜூலை மாதத்தை இங்கே யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. ஆக்சிஜன் சிலிண்டருக்கு விடியுமுன் வரிசையில் நின்றவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். நானும் நின்றேன். இழுப்புக்காரர் அந்தப் பெரியவர், அவரால் தாங்க முடியவில்லை. தனியாகக் கொண்டுபோனார்கள். அந்த அம்மாவைக் கிட்டே விடவில்லை. விட்டிருக்க முடியாது, அது யார் குற்றமும் இல்லை. பார்க்க அவருக்குக் கண் இல்லை, கேட்கக் காது இல்லை, இருந்த ஒரு வழியும் அன்றைக்கு அடைத்திருந்தது. தொடாமலே அனுப்பிவிட்டார்கள்.

போன மாதம், மார்கழி. பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா என் பட்டறைக்கு வந்தார். பெஞ்சைத் தடவி உட்கார்ந்தார். மரத்தூள் வாசனையைக் கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டு சும்மா இருந்தார். "தம்பி, கட்டில இன்னும் ஒரு அடி கம்மி பண்ணிடு" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. பேத்திதான் காதில் சத்தமாக ஏன் என்று கேட்டது.

"ராத்திரி கை போகுது. பழக்கம். எட்டுற இடத்துல ஒண்ணும் இல்ல, திக்குனு முழிப்பு வந்துடுது. இன்னும் ஒரு அடி எடுத்துட்டா செவுரு கைல பட்டுடும். செவுரு பட்டா தூங்கிடுவேன்."

வீட்டுக்குப் போனேன். கட்டில் அதே இடத்தில், அதே ஜன்னலோரச் சுவரை ஒட்டி. அந்த அம்மா தன் பக்கமாகவே படுத்துக் கையை நீட்டிக் காட்டினார், நான் தோளிலிருந்து விரல் நுனிவரை டேப்பைப் பிடித்தேன். 25 அங்குலம். டேப்பின் இரும்புச் சில்லு தோலில் பட்டதும் அந்த அம்மா சிரித்துவிட்டார்.

"அவரு நூல வச்சு அளந்தாரு" என்றார். "நான் தூங்குறேன்னு நெனச்சுக்கிட்டு. மூணு ராத்திரி அளந்தாரு, தோள்லருந்து விரல் வரைக்கும். நான் தூங்கல. அசையாம படுத்திருந்தேன்."

அப்போது கரையான் என்று சொன்னதற்கு ஏன் தலையாட்டினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

நடுவர் ஐயா, அந்த மூன்று ராத்திரியும் தூங்குவதுபோல் அசையாமல் கிடந்தாரே, அது உடம்பா உள்ளமா? நீங்களே ஏதாவது ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். எதிரணிக்குப் போனாலும் எனக்கு வருத்தமில்லை. கட்டிலில் பென்சில் கோடு போட்டுவிட்டு, "நாளைக்கு வந்து அறுத்துத் தர்றேன்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு மாதம் ஆகிறது. மணியை அடியுங்கள் ஐயா.